கொடுத்த ரத்தத்துக்கு ஒரு கணக்கு

கொரோனா வார்டுகளில் வேலை பார்த்த சிஸ்டர்களுக்கும், தூய்மைப் பணி அக்காமார்களுக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன்மார்களுக்கும், என் லேப் தோழர்களுக்கும்,

நான் ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர். முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் இருந்தேன். உங்களில் சிலரை எனக்குத் தெரியும். பலருக்கு என் முகம் தெரிந்திருக்காது. கவச உடைக்குள் நின்ற எங்களில் யார் யாரென்று அந்த நாட்களில் கண்டுபிடிப்பதே சிரமம். ஆனால் நீங்கள் நீட்டிய கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பு தேடி, ஆன்டிபாடி பரிசோதனைக்கு 5 மில்லி ரத்தம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

2021 ஆகஸ்டில் ஒருநாள் காலை, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் லேப் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டாம் அலையில் ஐ.சி.யூ.வில் தரை துடைத்தவர். இரண்டு வாரத்துக்கு முன் அவரிடம் ரத்தம் எடுத்திருந்தோம். "ஏம்மா, என் ரத்தத்துல என்ன வந்துச்சு?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "எதிர்ப்புச் சக்தி இருக்குக்கா" என்றேன். முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி உடனே வந்தது: "அது எத்தனை நாளைக்கு நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் மாறி அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். எங்கள் மருத்துவமனையில் எடுத்த அத்தனை குழாய்களும் சென்ட்ரிஃப்யூஜில் சுழன்று, சீரம் பிரிக்கப்பட்டு, பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பப்பட்டன. முடிவு என்னவென்று ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு தாளும் திரும்பி வரவில்லை. அந்தக் கடனை என் பங்குக்கு அடைக்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொரோனா வந்துபோனவர்களுக்கும் தடுப்பூசி போட்டவர்களுக்கும் பாதுகாப்பு எவ்வளவு காலம் இருக்கும் என்று உலகம் இன்று அறிந்து வைத்திருப்பதில் பெரும்பங்கு மருத்துவமனை ஊழியர்களின் ரத்தத்திலிருந்து வந்தது. காரணம் எளிது. தொற்று முதலில் நம்மைத்தான் தொட்டது, ஊசியும் முதலில் நமக்குத்தான் போடப்பட்டது. ஒரே இடத்துக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர்கள் என்பதால் மாதாமாதம் கூப்பிட்டு ரத்தம் எடுக்கவும் வசதி. இங்கிலாந்தில் 2020 ஜூனில் 'சைரன்' என்ற ஆய்வு தொடங்கியது. அந்நாட்டு அரசு மருத்துவமனைகளின் ஊழியர்கள் பல்லாயிரம் பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுக்கொண்டார்கள், தவறாமல் ரத்தம் கொடுத்தார்கள். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே டாண்டரிட் மருத்துவமனை 2020 ஏப்ரலிலேயே இரண்டாயிரத்துக்கும் அதிகமான தன் ஊழியர்களைப் பட்டியலிட்டுப் பின்தொடரத் தொடங்கியது. இஸ்ரேலில் ஷெபா மருத்துவ மையம். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இந்தியா முழுவதற்குமான ஆன்டிபாடி கணக்கெடுப்பை நடத்தியதே சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரித் தொடக்கத்திலும் எடுத்த கணக்கில், மருத்துவமனை ஊழியர்களில் 25.7 விழுக்காட்டினருக்கு ஆன்டிபாடி இருந்தது. 2021 ஜூன், ஜூலையில் அதே கேள்வியைக் கேட்டபோது 85.2 விழுக்காடு. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலையும் மே மாதத்தையும் நீங்கள் நின்று கடந்தீர்கள்.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

2020-இல் எங்கள் லேபிலேயே ஒரு பயம் இருந்தது. சாதாரணச் சளியைத் தரும் பழைய கொரோனா வைரஸ்கள் உண்டு. ஒரு முறை வந்தவருக்கு அடுத்த வருடமே மறுபடி வரும். இதுவும் அப்படித்தானோ, ஒருமுறை பட்ட பாடு வீணோ என்று பேசிக்கொள்வோம். பயத்துக்கு முதல் பதில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைகளிலிருந்து 2020 டிசம்பரில் வந்தது. அங்கே பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களை ஆன்டிபாடி இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து, ஏறக்குறைய ஆறு மாதம் கவனித்தார்கள். இல்லாதவர்கள் 11,364 பேரில் 223 பேருக்குத் தொற்று வந்தது. இருந்தவர்கள் 1,265 பேர். அவர்களில் தொற்று கண்டது 2 பேருக்கு, அந்த இருவருக்கும் அறிகுறியே இல்லை. அடுத்த ஏப்ரலில் சைரன் ஆய்வும் அதே பக்கம் சொன்னது: முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து 84 விழுக்காடு குறைவு, ஏழு மாதம் கழித்தும். ஊசி இன்னும் எல்லோருக்கும் எட்டாத அந்த இருட்டுக் காலத்தில் இது பெரிய செய்தி. உடம்பு மறக்கவில்லை என்பது தெரிந்தது.

இதற்கிடையில் ஊசி வந்தது. 2021 ஜனவரி 16, மதுரை ராஜாஜி மருத்துவமனையில் தமிழ்நாட்டுக்கான தொடக்க விழா. நம்மில் எத்தனை பேர் அன்று தயங்கினோம் என்பதை மறைக்க வேண்டாம். நானே ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஜூன், ஜூலைக் கணக்கெடுப்பின்போதுகூட நாட்டில் பத்தில் ஒரு மருத்துவ ஊழியர் ஒரு ஊசியும் போடாமல் இருந்தார்.

ஊசி போட்டுச் சில மாதத்தில் அடுத்த செய்தி வந்தது. அதுதான் உங்களில் பலரின் தூக்கத்தைக் கெடுத்தது: ஆன்டிபாடி குறைகிறது. ஷெபா மருத்துவ மையத்தில் ஃபைசர் ஊசி இரண்டும் போட்ட 4,868 ஊழியர்களை மாதாமாதம் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி அளவு 18 மடங்குக்கு மேல் இறங்கியிருந்தது. ஆண்களுக்கு அளவு பெண்களைவிடக் குறைவு. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோயோ மருந்தோ உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. இங்கே கோவிஷீல்டும் கோவாக்சினும் போட்டவர்களிடமும் சில மாதத்தில் அளவு சரிவதைப் பார்த்தோம். பத்திரிகைகள் 'பாதுகாப்பு போய்விட்டது' என்று எழுதின. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தனியார் லேபில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துப் பரிசோதித்து, ஒவ்வொரு தாளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். எண் ஒவ்வொரு முறையும் இறங்கும். அவர் முகமும் இறங்கும். அன்று அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பித் தளும்பும்போது ஊரே மணல் மூட்டையும் மண்வெட்டியுமாகக் கரையில் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏரி காக்கும் நீர்க்கட்டி ஒருவர் மட்டும் கரையைச் சுற்றிக்கொண்டிருப்பார். கரையில் ஆள் குறைந்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. கரை எங்கே பலவீனம், எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் ஆள் வரும் என்று ஊருக்குத் தெரியும். நம் உடம்பிலும் அதுதான் நடக்கிறது. தொற்றோ ஊசியோ உள்ளே போனதும் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ மடிந்துவிடும். அவை தயாரித்த ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியும் மூன்று வாரத்தில் பாதியாகும், அடுத்த மூன்று வாரத்தில் அதிலும் பாதி. ஆகவே முதல் மாதங்களின் சரிவு நோயல்ல, தோல்வியும் அல்ல. எந்த ஊசிக்குப் பிறகும் அப்படித்தான் நடக்கும்.

மிஞ்சுவது என்ன என்பதே கேள்வி. அதற்கு ரத்தத்தைப் பார்த்தால் போதாது, எலும்புக்குள் பார்க்க வேண்டும். நீண்டகாலம் வாழும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியிருந்து, வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அலி எல்லபெடியின் குழு, லேசான கொரோனா வந்து குணமானவர்களின் மஜ்ஜையை ஏழெட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தது. பெரும்பாலோரிடம் அந்தச் செல்கள் இருந்தன. 2021-இல் இது வெளிவந்தபோது லேபில் நாங்கள் சத்தமாகப் படித்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு, எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்ட 19 பேரின் மஜ்ஜையை ஆராய்ந்து 2024-இல் எழுதியது. டெட்டனஸ் ஊசியும் ஃப்ளூ ஊசியும் நிரந்தரக் குடிகளை அங்கே வைத்திருந்தன. கொரோனாவுக்கான செல்களோ நீண்டகாலம் வாழும் அந்தக் கூட்டத்தில் சரியாக வேர்பிடிக்கவில்லை.

மஜ்ஜை ஒன்றே களஞ்சியம் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நினைவு பி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவை ஆன்டிபாடி சுரக்காமல் காத்திருக்கும். அதே கிருமியை மறுபடி கண்டால் சில நாட்களில் பெருகி, முன்பைவிடக் கூர்மையான ஆன்டிபாடியைக் கொட்டும். கலிஃபோர்னியாவின் லா ஹோயா ஆய்வகத்தில் ஷேன் க்ராட்டியும் அலெசாண்ட்ரோ செட்டேயும் கொரோனா வந்துபோனவர்களை எட்டு மாதம்வரை தொடர்ந்தார்கள். முதல் மாதத்தைவிட ஆறாம் மாதத்தில் இந்த நினைவு செல்கள் அதிகமாக இருந்தன. ஆன்டிபாடி இறங்கும்போது நினைவு ஏறியிருக்கிறது! டி செல்களும் உண்டு. வைரஸ் புகுந்த செல்லையே அழிப்பவை அவை. இதே கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் 2003-இல் வந்து பிழைத்தவர்களிடம் பதினேழு வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டார்கள். இவை எதுவும் அந்த ஸ்டாஃப் நர்ஸ் கையில் வைத்திருந்த தாளில் அச்சாகாது. எங்கள் எலைசா பரிசோதனைத் தட்டின் 96 குழிகளில் ஏறும் மஞ்சள் நிறம் ரத்தத்தில் அன்று மிதக்கிற ஆன்டிபாடியை மட்டும் காட்டும்.

இதை உங்களுக்குப் புரியவைக்க வேறு எங்கும் போக வேண்டாம். நம் கையில் நாமே போட்டுக்கொண்ட ஹெபடைடிஸ் பி ஊசியை நினைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்று, ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. மூன்றாவது ஊசிக்கு ஓரிரண்டு மாதம் கழித்து டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு பார்ப்போம். 10-க்கு மேல் இருந்தால் போதும், அவர் பாதுகாப்பானவர். பல வருடம் கழித்து அதே ஆளுக்குப் பார்த்தால் 10-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஆனாலும் ஆரோக்கியமாக இருப்பவருக்கு மறுபடி ஊசி போடச் சொல்வதில்லை. ஏன்? ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளே புகுந்து நோயாக வெளிப்பட ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். நினைவு செல்களுக்குத் தேவை சில நாட்கள்தான். கிருமி படுக்கையை விரிப்பதற்குள் அவை எழுந்துவிடும்.

கொரோனாவில் தகராறு இந்த நேரக் கணக்கில்தான். ஒமைக்ரான் வகை வைரஸ் புகுந்த மூன்றாம் நாளே தொண்டை கரகரக்கிறது. நினைவு செல்கள் விழித்துப் பெருகுவதற்குள் மூக்கிலும் தொண்டையிலும் அது பரவிவிடுகிறது. அதனால் காய்ச்சல் வருகிறது, பாசிட்டிவ் வருகிறது. ஆனால் நுரையீரலுக்கு இறங்கிச் சீரழிக்க அதற்கு இன்னும் பல நாள் வேண்டும். அதற்குள் நினைவு செல்களும் டி செல்களும் களத்தில் இருக்கும். கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடியை நிறைக்கிற அளவுக்கு மூக்கின் ஈரப்படலத்தில் நிறைப்பதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. தொற்றிலிருந்து காக்கும் வேலி சில மாதத்தில் தாழ்ந்துபோவதும், சாவிலிருந்து காக்கும் வேலி நெடுநாள் நிற்பதும் இப்படித்தான். இவை இரண்டும் வேறு வேறு வேலிகள். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் அளக்கப் பார்த்ததால்தான் நமக்குக் குழப்பம்.

இது முன்பே தெரிந்த கதைதான்: 1980-களின் இறுதியில் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சளி ஆராய்ச்சிக் கூடத்தில் தன்னார்வலர்களுக்கு ஒரு பழைய கொரோனா வைரஸை மூக்கில் விட்டு, ஒரு வருடம் கழித்து அதையே மறுபடி விட்டுப் பார்த்தார்கள். முதல்முறை தொற்றியவர்களில் பலருக்கு மறுபடியும் தொற்றியது. ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. இந்தச் சிறிய பரிசோதனையை 2020-இல் நாம் கவனமாகப் படித்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இந்த இரண்டு வேலிகளுக்கும் நம் ஊர்க் கணக்கே சாட்சி. வேலூர் சி.எம்.சி.யில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். 2021 ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை 8,991 பேர் ஊசி போட்டிருந்தார்கள், பெரும்பாலும் கோவிஷீல்டு. இரண்டாம் அலையான டெல்டா அலை அடித்தது. இரண்டு ஊசியும் போட்ட 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வரத்தான் வந்தது, அதாவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. ஆனால் ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டால் தொற்று 65 விழுக்காடு குறைவு, மருத்துவமனையில் படுப்பது 77 விழுக்காடு குறைவு, ஆக்சிஜன் தேவைப்படுவது 92, ஐ.சி.யூ.வுக்குப் போவது 94 விழுக்காடு குறைவு. நோய் முற்ற முற்றப் பாதுகாப்பின் எண் ஏறுவதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. அந்தக் காலகட்டத்தில் அவர்களில் 31 பேர் கொரோனாவில் இறந்தார்கள். ஊசி போடாத 17,059 பேரில் 20 சாவு. இரண்டு ஊசியும் போட்ட 67,673 பேரில் 4 சாவு. காக்கிச் சட்டை போட்டவர்களும் நாமும் அந்த மே மாதத்தில் ஒரே தெருவில்தான் நின்றோம்.

அந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் கொரோனாவில் நம்மை விட்டுப் போனவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் கணக்கில் முதல் இரண்டு அலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் போனார்கள். எங்கள் வளாகத்திலிருந்து போன ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் சலவைப் பிரிவு அண்ணனையும் எந்தச் சங்கமும் எண்ணியதாக எனக்குத் தெரியவில்லை.

தொற்றும் வந்து, ஊசியும் போட்டவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் கோவாக்சின் போட வந்த 114 மருத்துவ, முன்களப் பணியாளர்களைத் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் சோதித்தார்கள். ஏற்கெனவே தொற்று வந்தவர்களுக்கு ஒரே ஊசியில் கிடைத்த ஆன்டிபாடி, தொற்றே வராதவர்களுக்கு இரண்டு ஊசியில் கிடைத்ததற்குச் சமமாக இருந்தது. சைரன் ஆய்வில் பின்னால் 35,000-க்கும் அதிகமானோரைப் பார்த்தபோது, ஊசி மட்டும் போட்டவர்களின் பாதுகாப்பு முதலில் 85 விழுக்காடாக இருந்து ஆறேழு மாதத்தில் 51-க்கு இறங்கியது. தொற்று வந்து பிறகு ஊசியும் போட்டவர்களுக்கோ ஒன்றரை வருடம் கழித்தும் 90-க்கு மேல் நின்றது. இது ஒமைக்ரானுக்கு முந்திய கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வந்தபோது அதன் மேல்பரப்பில் உள்ள முள்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய ஆன்டிபாடி அதைப் பிடிக்கத் தடுமாறியது. 2022 ஜனவரியில் நம் வார்டுகளில் ஒரே வாரத்தில் பாதிப் பேர் பாசிட்டிவ் ஆனது நினைவிருக்கும். ஆக்சிஜன் வரிசை அந்த முறை வரவில்லை என்பதும் நினைவிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் ஒருமுறை வந்துபோனால் நல்லதுதானே' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவரோடு சண்டை போடுங்கள். தொற்று தரும் பாதுகாப்புக்கு நாம் கொடுத்த விலை என்னவென்று நமக்குத் தெரியும். வாசனை திரும்பாத சிஸ்டர்கள், மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் அண்ணன்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊசியில் கிடைப்பதை நோயில் தேடக் கூடாது.

ஆன்டிபாடி பரிசோதனை பற்றி லேப்காரியாக ஒரு வார்த்தை. ஒரு கம்பெனி கிட்டில் 200 என்று வந்ததை இன்னொரு கம்பெனி கிட்டில் வந்த 900-த்தோடு ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு. உலக சுகாதார நிறுவனம் பொது அலகு ஒன்றைக் கொண்டுவந்த பிறகும் எல்லாத் தாளிலும் அது இருக்காது. சில கிட்டுகள் முள்புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பார்க்கும், சில வைரஸின் உட்புரதத்துக்கானதை. கோவிஷீல்டு போட்டு, தொற்றே வராத ஒருவருக்கு உட்புரதக் கிட்டில் 'இல்லை' என்றுதான் வரும். ஊசி வேலை செய்யவில்லை என்று அவர் அழுவார். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்று செய்தது என்பதால் அதைப் போட்டவருக்கு 'உண்டு' என்று வரலாம். இத்தனை எண்ணுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, கீழே இருந்தால் இல்லை என்று ஹெபடைடிஸ் பி-க்கு இருப்பது போன்ற கோடு கொரோனாவுக்கு வகுக்கப்படவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதத்திலேயே, ஊசி போட்டவர்களின் பாதுகாப்பை அளக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியமாக இருக்கும் நீங்கள் அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவிடுங்கள்.

ஆனால் உங்களில் சிலர் வேறு கணக்கில் வருவீர்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டில் வாழ்பவர்கள், ஓய்வை நெருங்கும் வயதில் சர்க்கரையும் சேர்ந்தவர்கள். ஷெபா ஆய்வு காட்டிய சரிவு உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நினைவு செல்களும் சரியாக உருவாகாமல் போயிருக்கலாம். இந்தியாவில் நமக்கு மூன்றாவது ஊசி 2022 ஜனவரி 10 முதல் தரப்பட்டது. அதைக்கூடப் போடாமல் விட்டவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் யாருக்கு ஊசி முக்கியம் என்று வகைப்படுத்தியபோது, முதியவர்களோடும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோடும் முன்களச் சுகாதாரப் பணியாளர்களையும் முதல் வரிசையில் வைத்தது. உங்கள் டாக்டரிடம் உங்கள் நோயைச் சொல்லி, எனக்கு இன்னொன்று வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வார்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக்கொடுக்கிற நாம் நமக்காகக் கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம்.

தொற்றைத் தடுக்கும் வேலி தாழ்வானது என்று சொன்னேன் அல்லவா, அதில் நிர்வாகங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் உடம்பின் நினைவு நம்மைச் சாவிலிருந்து காக்கும். நம் மூக்கிலிருந்து கீமோ வார்டு நோயாளிக்குப் பரவுவதை அது முழுதாகத் தடுக்காது. காய்ச்சலோடு வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் தடுக்கும். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், காய்ச்சல் என்று சொன்ன ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை. அவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். எந்த ஆன்டிபாடியும் அந்த இடத்தில் உதவாது. சம்பளத்தோடு ஐந்து நாள் விடுப்பு, திறக்க முடிகிற ஜன்னல், தீராத முகக்கவசப் பெட்டி. இவற்றைக் கேட்கும்போது 'எல்லோருக்கும்தான் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதே' என்று பதில் வந்தால், மேலே சொன்ன மூன்று நாள் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனியும் ஆய்வுகள் வரும், உங்கள் கையைக் கேட்பார்கள். கொடுங்கள். 1846-இல் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பானும் என்ற இளம் மருத்துவர் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதினார். 1781-இல் தட்டம்மை வந்துபோன கிழவர் கிழவிகள் யாருக்கும் அறுபத்தைந்து வருடம் கழித்து அது மறுபடி வரவில்லை என்று அவருக்கு அவர்களே சொன்னார்கள். நோய் எதிர்ப்பின் ஆயுளைப் பற்றி நாம் அறிந்தது, இப்படி ஊர் ஜனங்கள் வாய்திறந்து சொன்னதிலும் கை நீட்டிக் கொடுத்ததிலும்தான் தொடங்கியது. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, முடிவை எந்தத் தேதியில், யார், தமிழில் சொல்வார்கள் என்று கேட்டு அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத அக்காமாருக்குப் பக்கத்தில் இருக்கும் சிஸ்டர்கள் கேட்டுக்கொடுங்கள்.

2021 ஆகஸ்டில் லேப் வாசலில் நின்ற அந்த அக்கா வலது கையில் பச்சை குத்தியிருப்பார், அதற்குக் கொஞ்சம் மேலேதான் நான் ஊசி குத்தினேன். இப்போது எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். நான் பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்கு வருந்துகிறேன் என்றும் சொல்லுங்கள்.

உங்கள்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருத்தி